வெள்ளம் இலங்கையில், கிளப் மும்பையில்: நிவாரணத்தை எந்த வழியில் அனுப்புவது?

2025 நவம்பர் 28ஆம் தேதி டிட்வா புயல் இலங்கையைத் தாக்கியது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளைப் பக்கம் மலை சரிந்து வீடுகளை மூடியது. அதில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் இருந்தன. மாட்டுங்கா, சயான், செம்பூர், முலுண்ட் பக்கம் தமிழர்கள் அதிகமுள்ள ரோட்டரி, லயன்ஸ் கிளப்களில் அப்போது எழுந்த கேள்வி இன்னும் ஓயவில்லை. "நாமும் ஏதாவது செய்யணும். எப்படிச் செய்யறது?"

போர்டு மீட்டிங்கில் இந்தப் பேச்சு வந்தால் ஒருவர் லாரி ஏற்பாடு செய்கிறேன் என்பார். இன்னொருவர் ரோட்டரி, லயன்ஸ் அமைப்புகளின் சொந்த அறக்கட்டளையான ஃபவுண்டேஷனுக்குச் செக் கொடுத்தால் போதும் என்பார். மூன்றாமவருக்குக் கொழும்பில் தெரிந்த கிளப் இருக்கும். நான்காமவரின் கம்பெனியில் சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூகப் பணிக்கென்று கம்பெனி ஒதுக்கும் பணம், இருக்கும். ஒவ்வொருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, அதனாலேயே முடிவு தள்ளிப்போகிறது. ஒரு கிளப்பின் பொருளாளராகக் கணக்கு பார்க்கிறவன் என்ற முறையில் இந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இலங்கைதான் முதன்மை உதாரணம். நேபாளம், மியான்மர் என்றால் விடை எங்கே மாறும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: அங்கே கடையில் பொருள் இல்லையா, மக்கள் கையில் காசு இல்லையா? இரண்டும் வேறு வேறு நெருக்கடி. 2022இல் இலங்கையிடம் அந்நியச் செலாவணி தீர்ந்துபோனது. காசு வைத்திருந்தவருக்கும் மருந்து கிடைக்கவில்லை, பால் பவுடர் கிடைக்கவில்லை. அப்போது பொருளை அனுப்பியதுதான் சரி. டிட்வாவின்போது நிலைமை அப்படி இல்லை. அரிசியும் பருப்பும் நாட்டுக்குள் இருந்தன. மலையில் பாதை துண்டிக்கப்பட்டிருந்தது, குடும்பங்களின் கையிருப்பு மண்ணுக்குள் போயிருந்தது. அதே நாடு, மூன்று வருட இடைவெளி, நேர்மாறான விடை.

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகு மற்றவற்றைப் பார்க்கலாம். பணமோ பொருளோ எந்த வாரத்தில் போய்ச் சேரும்? வழியில் எவ்வளவு கரையும்? இந்தியச் சட்டம் அனுமதிக்கிறதா, கொடுத்தவருக்கு வரி விலக்கு உண்டா? கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் எது என்று உறுப்பினர்களிடம் ரசீதோடு காட்ட முடியுமா? இவற்றில் சட்டத்தைத்தான் நம் கிளப்கள் கடைசியாகப் பார்க்கின்றன. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

## வழி 1: பொருள் திரட்டி அனுப்புவது

மனதுக்கு மிக நெருக்கமான வழி இதுதான். குடும்பமே சேர்ந்து கட்டும் பெட்டி, குழந்தைகள் எழுதி ஒட்டும் காகிதம், லாரிக்கு முன்னால் ஒரு படம். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கிளப்புக்குப் புதிதாக வந்தவர்கள் ஒட்டிக்கொள்வதே இப்படிப்பட்ட நாட்களில்தான்.

ஆனால் செலவைப் பாருங்கள். மும்பையிலிருந்து தூத்துக்குடிக்குச் சாலை வழியே 1,500 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து கப்பல். மும்பைக்குப் பக்கத்துத் துறைமுகமான நாவா சேவாவிலிருந்தே கன்டெய்னரில் அனுப்பினாலும் ஏற்றுமதிக் காகிதங்கள், கிளியரிங் ஏஜென்ட், அந்தப் பக்கத்தில் சுங்கம் எல்லாம் உண்டு. நிவாரணப் பொருளுக்குச் சுங்க விலக்கு தானாக வந்துவிடாது. பெற்றுக்கொள்கிற அமைப்பு அந்த நாட்டு அரசிடம் அதற்கு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் துறைமுகத்தில் பெட்டி கிடக்கும், நாளுக்கு நாள் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். கிலோ அரிசியை இங்கே வாங்கி, அதற்கு இவ்வளவு செலவழித்து, அரிசி விற்கிற ஊரிலேயே கொண்டுபோய் இறக்குவது அங்குள்ள கடைக்காரருக்கும் நல்லதல்ல. வெள்ளத்தில் அவரும் நஷ்டப்பட்டவர்தான்.

பழைய துணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையில் சாலையோரங்களில் குவிந்து நனைந்து கிடந்த துணிகளை அந்தப் பக்கம் போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டெல்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பு அதைப் பொறுக்கித் தரம் பிரிக்கும் வேலையை ஏற்க வேண்டியிருந்தது. மருந்தின் கதை இன்னும் மோசம். 1988இல் ஆர்மேனியா நிலநடுக்கத்துக்குக் குறைந்தது 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருளும் வந்து இறங்கின. உடனே பயன்படுத்தக்கூடியதாக இருந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சத்தைப் பிரிக்கவும் அழிக்கவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள், அதுவும் ஆள் பற்றாக்குறை உள்ள நேரத்தில்.

2022இல் தமிழ்நாடு அரசே இலங்கைக்கு உதவ முன்வந்தபோதுகூட, சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, மத்திய அரசின் அனுமதி வாங்கி, மே 18ஆம் தேதிதான் சென்னையிலிருந்து முதல் கப்பல் கிளம்பியது. 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், உயிர்காக்கும் மருந்துகள். கொழும்பில் இந்தியத் தூதரகம் வழியாக அது இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு மாநில அரசுக்கே பாதை அப்படித்தான். நாற்பது பேர் கிளப்புக்கு அதைவிடச் சுருக்கமான பாதை கிடைக்கும் என்று எண்ண இடமில்லை.

இது சரியாக வரும் இடம்: அங்குள்ள கிளப்போ மருத்துவமனையோ "இந்தப் பொருள், இத்தனை எண்ணிக்கை, எங்கள் நாட்டில் இப்போது கிடைக்கவில்லை, சுங்க விலக்கு எங்களிடம் இருக்கிறது" என்று எழுத்தில் கேட்டால் மட்டும். தார்பாலின், தண்ணீர் சுத்திகரிக்கும் சாதனம், ஒரு குறிப்பிட்ட மருத்துவக் கருவி மாதிரி. வேறு எந்தச் சூழ்நிலையிலும் நான் கை தூக்க மாட்டேன்.

## வழி 2: ஃபவுண்டேஷன் வழியாகப் பணம்

ரோட்டரியில் பேரிடர் நிதி என்று தனியாக உண்டு. பாதிக்கப்பட்ட ரோட்டரி மாவட்டம் (ஒரு பகுதியின் கிளப்கள் சேர்ந்த ரோட்டரிப் பிரிவு, அரசு மாவட்டம் அல்ல) கேட்டால் 25,000 டாலர் வரை மானியம் கிடைக்கும். இலங்கையும் மாலத்தீவும் சேர்ந்து 3220 என்ற ஒரே மாவட்டம். லயன்ஸில் அதன் ஃபவுண்டேஷனான எல்சிஐஎஃப் தரும் அவசர மானியம் 10,000 டாலர் வரை. பெரும் பேரழிவுகளுக்கு வேறு மானியங்களும் உண்டு. இரண்டிலும் விண்ணப்பிப்பது பாதிக்கப்பட்ட பக்கத்தவர்தான். முடிவு அவர்கள் கையில் இருப்பதே இதன் பலம்: எந்த ஊரில் என்ன வேண்டும் என்று செம்பூரில் உட்கார்ந்து நாம் ஊகிக்க வேண்டியதில்லை.

ரோட்டரி கிளப்களில் பலர் கவனிக்காத ஒரு பணம் இருக்கிறது. ஆண்டு நிதிக்கு நம் மாவட்டம் கொடுத்ததில் ஏறக்குறைய பாதி மூன்று வருடம் கழித்து டிடிஎஃப் என்ற பெயரில் மாவட்டத்துக்கே திரும்புகிறது. அதைப் பேரிடர் நிதிக்கு ஒதுக்கும்படி மாவட்டத்தைக் கேட்கலாம். மும்பையின் 3141 மாவட்டத்தில் கிளப்கள் நிறைய. நான்கைந்து கிளப்கள் சேர்ந்து டிஸ்ட்ரிக்ட் கவர்னருக்கு ஒரு கடிதம் கொடுப்பது, ஒவ்வொரு கிளப்பும் தனித்தனியாக உண்டியல் குலுக்குவதைவிட அதிகம் சாதிக்கும். இந்த ஒரு வேலையை மட்டும் செய்தால்கூட உங்கள் கிளப் தன் பங்கைச் செய்ததாகவே நான் கருதுவேன்.

மறைமுகச் செலவு என்ன? பொது நிதியில் போட்ட பணத்தை "நுவரெலியாவுக்கு மட்டும்" என்று கட்ட முடியாது. உங்கள் கிளப்பின் பெயர் எந்தப் பெட்டியிலும் இருக்காது. படம் இருக்காது. உறுப்பினர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை கேட்கும்போது கை நீளாது. ரூபாயில் கொடுத்து 80ஜி ரசீது (நன்கொடைக்கு வருமான வரி விலக்குக் கேட்பதற்கானது) வாங்குகிறவர்கள், அந்தப் பணம் எந்த நிதியில் சேர்கிறது, அது இந்தியாவுக்கு வெளியே செலவாகுமா என்பதை மாவட்ட ஃபவுண்டேஷன் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 80ஜி விலக்கு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் விலக்கு இல்லை.

இதே குடும்பத்தில் ஷெல்டர்பாக்ஸையும் சேர்த்துக்கொள்ளலாம். 2000இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஒரு ரோட்டரி கிளப்பின் திட்டமாகத் தொடங்கியது. கூடாரமும் அவசரச் சாமான்களும் அடங்கிய அதன் பெட்டிகள் முதன்முதலாகப் போனது 2001இல் குஜராத் நிலநடுக்கத்துக்கு. பொருள் அனுப்பியே ஆக வேண்டும் என்று துடிக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்: பொருளனுப்புவதைத் தொழிலாகவே கற்றவர்களிடம் விடுவது.

இது சரியாக வரும் இடம்: முதல் இரண்டு வாரம்; அந்த நாட்டில் நமக்கு யாரையும் தெரியாதபோது; சிறு தொகைகள் பல பேரிடமிருந்து வரும்போது.

## வழி 3: உறுப்பினர்கள் தனித்தனியாக அங்குள்ள கிளப்புக்கு அனுப்புவது

இதில் வேகம் உண்டு, முகம் உண்டு. கண்டியில் இருக்கிற செயலாளரிடம் வாட்ஸ்அப்பில் பேசி, எந்த முகாமில் எத்தனை குடும்பம் என்று கேட்டு அனுப்பலாம். தமிழிலேயே பேசலாம் என்பது நமக்குக் கூடுதல் வசதி. தோட்டத்தில் யாருக்கு உதவி வரவில்லை என்பது அரசாங்கப் பட்டியலில் ஏறுமுன் அங்குள்ள தமிழ் உறுப்பினருக்குத் தெரிந்திருக்கும்.

தனிநபர் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டம் அனுமதிக்கிறது. நன்கொடையும் அதில் அடங்கும். பான் வேண்டும், ஏ2 படிவம் வேண்டும். வருடத்தில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 20% டிசிஎஸ் (வங்கியே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாகக் கொடுத்ததற்கு 80ஜி கிடையாது.

வங்கிக் கட்டணம் பெரும்பாலும் ஒரு பரிமாற்றத்துக்கு இவ்வளவு என்று வரும். அதனால் பத்துப் பேர் ஆளுக்கு 3,000 ரூபாய் அனுப்பினால் கணிசமான பங்கு வழியிலேயே போய்விடும். "எல்லார் பணத்தையும் என் கணக்கில் போடுங்க, நான் சேர்த்து அனுப்பறேன்" என்று நல்லெண்ணத்தில் ஒருவர் சொல்வார். தயவுசெய்து வேண்டாம். அது அவருடைய பான், அவருடைய வரம்பு, நாளைக்கு வருமான வரித் துறை கேட்டால் அவர் சொல்ல வேண்டிய பதில். பெரிய தொகை தர முடிந்த நான்கைந்து பேர் மட்டும் அவரவர் கணக்கிலிருந்து அனுப்பட்டும். மற்றவர்களின் பணம் வழி 2இல் போகட்டும்.

கிளப்பின் டிரஸ்ட் கணக்கைத் தொடாதீர்கள். இந்திய அறக்கட்டளை தன் வருமானத்தை நாட்டுக்கு வெளியே செலவழித்தால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இல்லாமல் அதற்கு வரி விலக்குக் கிடைக்காது. சிஎஸ்ஆர் யோசனையும் இங்கேதான் நின்றுவிடுகிறது: இந்தியாவுக்கு வெளியே செய்யும் நிவாரணம் சிஎஸ்ஆர் கணக்கில் சேராது. நரிமன் பாயிண்டிலோ பிகேசியிலோ பெரிய பொறுப்பில் இருக்கும் உறுப்பினரிடம் இதற்காகப் போய் அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

இது சரியாக வரும் இடம்: அங்குள்ள கிளப்போடு ஏற்கெனவே பழக்கம் இருந்து, அவர்கள் செலவுக் கணக்கும் படமும் அனுப்புவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால். புயல் அடித்த பிறகு இணையத்தில் தேடிப்பிடித்த வங்கி எண்ணுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

## வழி 4: தூதரகம் வழியாக அரசுக்கு

மும்பையிலேயே இலங்கையின் துணைத் தூதரகம் இருக்கிறது. அரசு நிவாரண நிதிக்கு எப்படிக் கொடுப்பது, எந்தப் பொருள் தேவைப்படுகிறது என்பதை அங்கே கேட்கலாம். நம்பகமான வழி, ரசீதும் வரும். ஆனால் அரசின் கடலில் நம் இரண்டு லட்சம் கரைந்துவிடும், எங்கே போனது என்று கேட்க முடியாது. இந்திய அரசு கடற்படைக் கப்பல்களோடு 'சாகர் பந்து' நடவடிக்கையைத் தொடங்கி, பிறகு 45 கோடி டாலர் உதவியும் அறிவித்தது. அந்த அளவில் நம் தொகை கூடுதலாக எதையும் மாற்றாது. பெரிய பொருள் அன்பளிப்பு ஏதாவது வந்து வழி தெரியாமல் நிற்கிற கிளப்புக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

## வழி 5: மூன்றாவது மாதத்துக்குப் பிறகான மறுவாழ்வு

சிறிய கிளப் ஒன்றால் உண்மையில் மாற்றம் செய்ய முடிவது இங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம். கேமராக்கள் கிளம்பிப் போயிருக்கும். முகாமை மூடியிருப்பார்கள். குடும்பம் ஏதோ ஒரு உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும்.

2005 ஜூலை 26 மும்பைக்காரர்களுக்கு நினைவிருக்கும். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. தண்ணீர் வடிந்த பிறகு குர்லாவிலும் கலினாவிலும் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க ஆள் இருந்தார்கள். ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றிதழும் நனைந்து கூழானவருக்கும், தையல் மெஷினின் மோட்டார் போனவருக்கும் உதவ அவ்வளவு பேர் இல்லை.

இலங்கையின் தோட்டப் பகுதியான மலையகத்தில் இது இன்னும் கடினம். லயன் காம்பராக்கள் என்று அவர்கள் சொல்கிற வரிசை வீடுகள் பெரும்பாலும் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. நிலம் அரசுடையது, குத்தகையில் தோட்டக் கம்பெனிகளிடம் இருக்கிறது. "பத்து வீடு கட்டித் தருகிறோம்" என்று கிளம்பும் கிளப் முதலில் மோதுவது இந்தச் சுவரில்தான். சரிவு அபாயம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட இடத்தில் மறுபடி கட்டவும் கூடாது. இந்திய அரசின் மலையக வீட்டுத் திட்டமே ஏழு பேர்ச் (அங்குள்ள நில அளவு) நிலத்தை ஒதுக்கி வாங்கித்தான் ஒவ்வொரு வீடாக நகர்கிறது. வீட்டை அரசுகளிடம் விட்டுவிடுங்கள். தையல் மெஷின், கறவை மாடு, பள்ளிப் பிள்ளைகளின் சீருடை, காலணி, போக்குவரத்துச் செலவு, உயர்தரப் பரீட்சைக்கு (நம் பிளஸ் டூ மாதிரி) படிப்பவர்களுக்கு மாலை வகுப்பு: இவை நிலப் பத்திரம் கேட்பதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களை அனுப்பும் யோசனை அடிக்கடி வருகிறது. அங்கே பாடத்திட்டம் வேறு, பாடநூலை அரசே இலவசமாகத் தருகிறது. கதைப் புத்தகம் என்றால் சரி.

ரோட்டரியில் இதற்குக் குளோபல் கிராண்ட் இருக்கிறது. திட்டம் குறைந்தது 30,000 டாலர் அளவாவது இருக்க வேண்டும்; அங்கே ஒரு கிளப், இங்கே ஒரு கிளப் என இரு நாட்டுக் கூட்டு வேண்டும்; மாவட்டம் போடும் டிடிஎஃப் தொகைக்கு ரோட்டரியின் உலக நிதியிலிருந்து 80% சேர்கிறது. ஆனால் ஊர்த் தேவையை முறைப்படி கேட்டறிந்த அறிக்கை வேண்டும், விண்ணப்பம் ஒப்புதலாக மாதங்கள் ஆகும். இதன் மறைமுகச் செலவு பணத்தில் இல்லை, ஆளில் இருக்கிறது. ஜூலை 1ஆம் தேதி பிரசிடெண்ட் மாறுவார். புதியவருக்குத் தன்னுடைய கனவுத் திட்டம் இருக்கும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரே ஆளைத் திட்டப் பொறுப்பாளராகப் போர்டு தீர்மானத்தில் எழுதிவைக்காமல் இதில் இறங்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | சேரும் காலம் | வழியில் கரைவது | வரி, சட்டம் | கணக்குக் காட்டுவது |
|---|---|---|---|---|
| பொருள் | வாரங்கள், மாதங்கள் | மிக அதிகம் | ஏற்றுமதி, சுங்கக் காகிதங்கள் | கடினம் |
| ஃபவுண்டேஷன் | மானியமாக விரைவில் | குறைவு | எளிது. 80ஜி நிதியைப் பொறுத்து | பொதுவான அறிக்கை |
| நேரடியாகத் தனிநபர் | சில நாட்கள் | சிறு தொகையில் அதிகம் | எல்ஆர்எஸ். 80ஜி இல்லை | மிக நன்று, ஆளைப் பொறுத்து |
| அரசு | அரசின் வேகத்தில் | குறைவு | தூதரகம் சொல்லும் முறை | ரசீது மட்டும் |
| மறுவாழ்வு | மாதங்கள் | நிர்வாக உழைப்பு | கிராண்ட் விதிகள் | மிக நன்று |

நாற்பது, ஐம்பது பேர் உள்ள கிளப் என்னைக் கேட்டால்: திரட்டும் தொகையைத் தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரியுங்கள். பாதி முதல் வாரத்திலேயே ஃபவுண்டேஷனுக்கு. மறுபாதி, உறுப்பினர்கள் வாக்குறுதியாக எழுதிக் கொடுத்துத் தங்களிடமே வைத்திருந்து, மூன்றாம் மாதத்தில் அங்குள்ள கிளப் சொல்லும் ஒரு வேலைக்கு. இருபது பேர்கூட இல்லாத கிளப் மறுவாழ்வுத் திட்டத்தைத் தனியாகத் தொட வேண்டாம். பக்கத்துக் கிளப்போடு சேருங்கள்.

## சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்புகிறேன் என்கிறான்

இது எல்லாக் கிளப்பிலும் வருவதால் தனியாக. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் நம் கிளப்பின் கணக்குக்குப் பணம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவும், டெல்லி நாடாளுமன்ற வீதி எஸ்பிஐ கிளையில் அதற்கான கணக்கும் இல்லாமல் வாங்கக் கூடாது. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) வைத்திருந்தாலும் இதே விதி. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு, அது இந்தக் கணக்கில் வராது. ஆனால் இலங்கைக்கே போக வேண்டிய பணம் எதற்கு மும்பை சுற்றி வர வேண்டும்? மகனை அங்கிருந்தே நேராக ஃபவுண்டேஷனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

## நேபாளமும் மியான்மரும்

நேபாளம் என்றால் வழி 3 சுலபமாகிறது. நெஃப்ட் என்ற வங்கிப் பரிமாற்ற முறையிலேயே நேபாள வங்கிக் கணக்குக்கு இந்திய ரூபாயில் அனுப்பும் வசதி 2008 முதல் இருக்கிறது. ஒரு முறைக்கு 2 லட்சம் ரூபாய் வரை. நன்கொடைக்கு அதைப் பயன்படுத்தலாமா என்பதை உங்கள் கிளையில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தரைவழி இருப்பதால் பொருள் அனுப்புவதும் இலங்கையளவு கடினமில்லை. ஆனாலும் 2015 ஏப்ரல் நிலநடுக்கம் போல மலைப்பாதை அடைபட்டால், காத்மாண்டுவில் இறங்கிய பெட்டி கூர்க்கா மாவட்டத்துக் கிராமத்துக்கு ஏறுவது தனிப் பிரச்சினை.

மியான்மர் நேரெதிர். 2025 மார்ச் 28இல் மண்டலே, சகாயிங் பகுதியை 7.7 அளவு நிலநடுக்கம் குலைத்தது. உள்நாட்டுப் போர் நடக்கிற நாடு. 2022 முதல் எஃப்ஏடிஎஃப் (கறுப்புப் பணப் பரிமாற்றத்தைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பு) கறுப்புப் பட்டியலிலும் இருக்கிறது. வங்கிகள் அங்கே பணம் அனுப்பத் தயங்கும், ஆயிரம் கேள்வி கேட்கும். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு, அவர்களுக்கு அங்கே உறவினர்களும் இருக்கலாம். ஆனாலும் கிளப்பாகச் செய்வது ஃபவுண்டேஷன் வழியாக மட்டும் இருக்கட்டும். தெரிந்தவர் மூலம் கையில் கொடுத்தனுப்பும் ஏற்பாட்டில் கிளப்பின் பெயர் வரவே கூடாது.